தமிழில் மருத்துவம் கற்றுக்கொடுத்த அமெரிக்கர்

தாதியர் உதவியாளர் பயிற்சியில் சேர்ந்து ஐந்தாவது மாதம். வகுப்புப் பாடங்கள் ஓரளவு முடிந்து, வார்டுப் பயிற்சிக்கு எங்களை அனுப்பிய இரண்டாவது வாரம். காலை உணவு வருவதற்குச் சற்று முன்பு, ஓரத்துக் கட்டிலில் இருந்த பாட்டி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். எழுபது வயதைத் தாண்டியவர். இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பல வருடங்களாக இனிப்புநீர் நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவர். படபடன்னு வருதும்மா, கண்ணக் கட்டுது என்றார்.

நான் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவள். வீட்டிலும் தமிழ்தான். அந்த வார்டில் அன்று தமிழ் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். அதனால் கொஞ்சம் பெருமையோடு மூத்த தாதியிடம் போனேன். அவர் மலாய்க்காரர். பாட்டிக்குக் கண் வலிக்கிறதாம் என்று மலாயில் சொன்னேன். சாக்கிட் மாதா. அவர் தலையசைத்து, டாக்டர் வரும்போது காட்டலாம் என்று சொல்லிவிட்டு வேறொரு நோயாளியைப் பார்க்கப் போனார்.

சில நிமிடங்கள் கழித்து உணவுத் தட்டுடன் போன இன்னொரு தாதி, பாட்டியின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்பதையும் கை நடுங்குவதையும் பார்த்துவிட்டார். விரலில் குத்திப் பார்த்தபோது இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. உடனே இனிப்புக் கரைசலைக் குடிக்க வைத்தார்கள். கால் மணி நேரத்தில் பாட்டி தெளிந்துவிட்டார். பிறகு மூத்த தாதி என்னைக் கூப்பிட்டு, பாட்டி சொன்ன சொல் என்ன, அதற்கு என்ன அர்த்தம் என்று பொறுமையாகக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

கண்ணைக் கட்டுவது என்றால் பார்வை இருட்டிக்கொண்டு வருவது. மயங்கி விழப்போவதற்கு முன் வரும் அறிகுறி அது. கண்ணில் வலி என்பது அதற்குப் பொருளே இல்லை. கண் என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடியிருந்தேன். சர்க்கரை மேலும் இறங்கியிருந்தால் பாட்டி நினைவிழந்திருக்கலாம். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் வீட்டு வரிசையில் கடைசி வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். அரசாங்க மருத்துவமனையில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்துப் பதவிப் பெயரான ஹாஸ்பிட்டல் அசிஸ்டன்ட் என்பதைச் சுருக்கி, தெருவில் எல்லாரும் அவரை எச்.ஏ. தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர். நடந்ததைச் சொல்லி அவரிடம் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து வந்து, இந்த மனிதரைப் பற்றிப் படி, பிறகு பேசுவோம் என்றார். அந்த மனிதர்தான் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

இலங்கைத் தமிழர்களுக்கு அவர் நன்கு அறிமுகமானவர். நம் நாட்டு மாணவர்களில் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நானும் கேள்விப்பட்டதில்லை. படித்த பிறகு, தாதியர் துறைக்கு வரும் ஒவ்வொரு தமிழ் மாணவரும் இவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

வூஸ்டரிலிருந்து வட்டுக்கோட்டைக்கு

சாமுவேல் கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். வசதியான, படித்த குடும்பம். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ கிறீன் பின்னாளில் நியூயார்க் நகர நிர்வாகத்தில் பெரும் புள்ளியானார். உலகப் புகழ் பெற்ற சென்ட்ரல் பார்க் பூங்கா உருவாக உழைத்தவர்களில் ஒருவர் அவர். தம்பியும் அதே நகரில் தங்கிப் பணமும் பேரும் சம்பாதித்திருக்கலாம். 1845இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், அமெரிக்க மிஷனில் சேர்ந்து, இரண்டே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

அந்தக் காலத்து மருத்துவம் எப்படி இருந்தது என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் பட்டம் பெற்றபோது அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கிடையாது. ஈதரைக் கொடுத்து வலி தெரியாமல் அறுவை செய்யலாம் என்பதை பாஸ்டன் நகர மருத்துவர்கள் எல்லார் முன்னிலையிலும் செய்து காட்டியது 1846இல்தான். நோய்கள் கிருமிகளால் பரவுகின்றன என்ற கருத்தும் அப்போது நிலைபெறவில்லை. காலரா தண்ணீர் மூலம் பரவுகிறது என்பதை லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் தெருத்தெருவாகக் கணக்கெடுத்துக் காட்டியது 1854இல். அந்தக் கண்டுபிடிப்புகளெல்லாம் வந்துகொண்டிருந்த காலத்தில், அவற்றிலிருந்து பல மாதக் கப்பல் பயணத் தொலைவில் இருந்த ஓர் ஊரில் வேலை செய்ய அவர் முடிவெடுத்தார்.

1847இல் அவர் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். அவருக்கு முன்பே அங்கு அமெரிக்க மருத்துவர்கள் இருந்திருக்கிறார்கள். 1820இல் பண்டத்தரிப்பில் வேலையைத் தொடங்கிய ஜான் ஸ்கடர் அவர்களில் முதலாமவர். வேலூர் மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்திதான். கிறீன் முதலில் தங்கிய இடம் வட்டுக்கோட்டை. மிஷன் 1823இல் தொடங்கிய உயர்கல்விக் கூடம் அங்கே இருந்தது. அடுத்த ஆண்டே அவர் மானிப்பாய்க்கு மாறினார். பிறகு அவருடைய யாழ்ப்பாண வாழ்க்கை முழுவதும் மானிப்பாயைச் சுற்றித்தான்.

மானிப்பாயின் டாக்டர்

மானிப்பாய் தமிழ்ச் சொற்களுக்குப் பெயர்பெற்ற ஊர். மிஷனின் அச்சகம் அங்கேதான் இருந்தது. சுமார் 58,500 சொற்கள் கொண்ட, மானிப்பாய் அகராதி என்று அழைக்கப்படும் தமிழ் அகராதி 1842இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. கிறீன் அந்த ஊருக்கு வந்தபோது, தமிழ்ச் சொற்களைத் தேடித் தொகுத்து அச்சிடும் வேலை அங்கு ஏற்கெனவே வேரூன்றியிருந்தது.

அவர் அங்கு மருந்தகம் வைத்தார். நோயாளிகள் வந்தார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஆறாத புண், கண்நோய், சிக்கலான பிரசவம் என்று எல்லாவற்றுக்கும் அவரைத் தேடினார்கள். அவரோ தமிழ் தெரியாமல் வந்தவர். நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்கிறார் என்பதுகூட அவருக்கு ஆரம்பத்தில் பிறர் மூலம்தான் தெரிந்திருக்கும். நான் அந்தப் பக்கத்தைப் படித்தபோது என் வார்டை நினைத்துக்கொண்டேன். நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் ஒரு மூன்றாம் ஆள் நின்று பேசும்போது என்னவெல்லாம் தவறிப்போகும் என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். கிறீன் அந்த நிலையில் நெடுநாள் இருக்கவில்லை. நோயாளியோடு பேசவும், பாடம் நடத்தவும், அச்சுக்குப் போகும் மருத்துவ நூல்களைத் திருத்தவும் போதுமான அளவுக்குத் தமிழைக் கற்றுக்கொண்டார்.

ஒரு டாக்டரால் ஒரு தீபகற்பம் முழுவதையும் பார்க்க முடியாது. அதனால் 1848இலேயே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். 1850இல் யாழ்ப்பாண நகரில் அரசாங்க அதிபர் டைக் முயற்சியால், ஏழைகளுக்கு உதவும் சங்கம் ஒன்றின் மருத்துவமனை தொடங்கப்பட்டபோது அதன் மருத்துவப் பணியிலும் பங்கெடுத்தார். இன்றைய யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனையின் தொடக்கம் அதுதான்.

ஆரம்பத்தில் அவர் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்தினார். மாணவர்கள் வட்டுக்கோட்டைக் கல்விக்கூடம் போன்ற இடங்களில் ஆங்கிலம் படித்தவர்கள். பாடநூல்களும் ஆங்கிலத்தில்தான் இருந்தன. ஆனாலும் 1852லேயே உடலமைப்பு, உடல் இயக்கம், உடல்நலம் பற்றிய ஓர் அமெரிக்கப் பாடநூலைத் தமிழில் கொண்டுவந்தார். கட்டர் என்பவர் எழுதிய அந்த நூல் அமெரிக்கப் பள்ளிகளில் படிக்கப்பட்டது. 1857இல் 'பிரசவ வைத்தியம்' வெளிவந்தது. பிள்ளைப்பேறு முழுவதும் வீட்டில், மருத்துவச்சியின் கையில் நடந்த காலம் அது. அவர் தமிழாக்க எடுத்துக்கொண்ட முதல் நூல்களிலேயே பிரசவத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார்.

அந்த ஆண்டில் விடுப்பில் அமெரிக்கா திரும்பினார். 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்பவரைத் திருமணம் செய்துகொண்டு, அவரோடு அதே ஆண்டு மீண்டும் மானிப்பாய் வந்து சேர்ந்தார்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

1864இல் அவர் ஒரு பெரிய முடிவெடுத்தார். இனி மருத்துவப் பாடம் முழுவதும் தமிழில் என்றார்.

அதற்குக் காரணம் இருந்தது. ஆங்கிலத்தில் படித்து முடித்த மாணவர்களுக்கு அரசாங்க வேலையும் நகரத்துச் சம்பளமும் காத்திருந்தன. அவர்கள் அங்கே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கிராமத்துக்காக அவர் பாடம் நடத்தினாரோ, அந்தக் கிராமத்தில் மருத்துவர் இல்லாத நிலை அப்படியே இருந்தது. தமிழில் படித்தவர் தமிழ்க் கிராமத்தில் தங்குவார், நோயாளிக்குப் புரியும் சொல்லில் பேசுவார், தாம் கற்றதை அடுத்தவருக்கும் சொல்லிக்கொடுப்பார் என்று கிறீன் கணக்குப் போட்டார். தமிழர்கள் நடை உடையில் ஐரோப்பியராக மாறுவதிலும் அவருக்கு விருப்பமில்லை.

இந்த முடிவு எல்லாருக்கும் பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது. தமிழில் மருத்துவம் படித்தால் அரசாங்கத்தில் என்ன வேலை கிடைக்கும் என்று பெற்றோர் கேட்டிருக்க மாட்டார்களா? இன்றும் நம் வீடுகளில் கேட்கும் கேள்விதானே அது. இருந்தாலும் மாணவர்கள் வந்தார்கள். இரண்டு காலத்தையும் சேர்த்து அவர் உருவாக்கிய மருத்துவர்கள் அறுபதுக்கும் மேல். அதில் பாதிப் பேர் அளவில் தமிழிலேயே படித்தவர்கள்.

சொல் இல்லாத இடத்தில்

தமிழில் பாடம் நடத்துவது என்று முடிவெடுத்தவுடன் அடுத்த சிக்கல் வந்து நின்றது. சொற்கள் எங்கே?

தமிழில் மருத்துவச் சொற்களே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சித்த மருத்துவத்துக்கு நீண்ட மரபு உண்டு. நாடி, பித்தம், கபம், சுரம், குன்மம், சூலை என்று நூற்றுக்கணக்கான சொற்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. ஆனால் உடலை அறுத்துப் பார்த்து, ஒவ்வொரு எலும்புக்கும் தசைக்கும் நரம்புக்கும் தனிப்பெயர் வைத்துப் பேசும் மேற்கத்திய மருத்துவத்துக்கு அவை போதவில்லை.

கிறீனும் அவருடைய மாணவர்களும் ஓர் ஒழுங்கை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று தேடுவது. இல்லையென்றால் வடமொழியிலிருந்து எடுப்பது. அதிலும் சரியானது கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி எழுதிக்கொள்வது. அருஞ்சொற்களைத் தொகுத்துப் பட்டியலும் போட்டார்கள்.

அவர்களுடைய நூல்களின் பெயர்களிலேயே இந்த மூன்று படிகளையும் பார்க்கலாம். 1867இல் வந்த அறுவை மருத்துவ நூலுக்கு 'இரண வைத்தியம்' என்று பெயர். ரணம் என்றால் புண் என்று பாட்டிமாருக்கெல்லாம் தெரியும். 1872இல் வந்த உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்'. இது வடமொழிச் சாயல் கொண்ட பெயர். இங்கிலாந்தில் 1858இல் முதன்முதலாக வெளிவந்து, இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் கிரே என்பவரின் உடற்கூற்று நூலைத் தழுவியது அது. பதினான்கே ஆண்டுகளில் தமிழுக்கு வந்துவிட்டது! 1875இல் வந்த வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. கெமிஸ்ட்ரி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ் வால் ஒட்டிவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், வார்டில் நாங்கள் தினமும் செய்வதும் இதைத்தான்.

உயிர்க்குறிகள் என்று நாங்கள் முதல் வாரத்திலேயே படிக்கும் நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் வெப்பம், நாடித் துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, இரத்த அழுத்தம். இவற்றில் மூச்சு, துடிப்பு, அழுத்தம் ஆகியவை நம் அன்றாடச் சொற்கள். இரத்தம் வடமொழி வழி வந்து வீட்டுச் சொல்லாகிவிட்டது. இன்சுலின், டயாலிசிஸ் போன்றவற்றை அப்படியே எடுத்துக்கொண்டோம். பாட்டிகளும் அப்படியே சொல்கிறார்கள். எந்தச் சொல் நோயாளிக்கு உடனே புரிகிறதோ அதைப் பிடித்துக்கொள்வதுதான் எங்களுக்கும் வேலை. நீரிழிவு என்று புத்தகத்தில் இருப்பதை இங்குள்ள பெரியவர்களிடம் இனிப்புநீர் என்று சொன்னால்தான் முகத்தில் தெளிவு தெரியும். உயர் இரத்த அழுத்தத்தை இரத்தக் கொதிப்பு என்றால் போதும்.

நாலாயிரம் பக்கங்கள்

1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். அதற்குள் வெப்ப நாட்டு வாழ்க்கையும் ஓயாத உழைப்பும் அவர் உடலை வாட்டியிருந்தன. 1860களில் யாழ்ப்பாணத்தைக் காலரா தாக்கியபோதும் அவர் அங்கேதான் இருந்தார்.

ஊர் திரும்பியதும் வேலை முடிந்தது என்று அவர் உட்காரவில்லை. வூஸ்டரில் தம் குடும்ப வீட்டில் இருந்துகொண்டே தமிழ் மருத்துவ நூல்களைத் தொடர்ந்து திருத்தினார். யாழ்ப்பாணத்தில் மாணவர்கள் மொழிபெயர்ப்பார்கள். தாள்கள் கப்பலேறி அமெரிக்கா போகும். அவர் சொல் சொல்லாகப் பார்த்துத் திருத்தி அனுப்புவார். பனி பெய்யும் ஊரில், சுற்றிலும் தமிழ் பேச ஒருவரும் இல்லாத இடத்தில், ஒரு வயதான அமெரிக்கர் மேசையில் குனிந்து தமிழ்ச் சொற்களைத் திருத்திக்கொண்டிருந்த காட்சியை நான் பலமுறை மனத்தில் போட்டுப் பார்த்திருக்கிறேன். உடலமைப்பு, உடல் இயக்கம், பொது மருத்துவம், அறுவை, பிரசவம், வேதியியல், மருந்துப் பொருள்கள் என்று அவரும் மாணவர்களும் தமிழில் கொண்டுவந்தவை நாலாயிரம் பக்கங்களுக்கும் மேல்.

1884ஆம் ஆண்டு மே மாதம் வூஸ்டரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு 61 வயது. தமக்கு நினைவுக்கல் வைத்தால், தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்பதை அதில் பொறிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அப்படியே செய்தார்கள். மானிப்பாயில் அவர் பணியாற்றிய மருத்துவமனை இன்றும் கிறீன் நினைவு மருத்துவமனை என்ற பெயரோடு நிற்கிறது. ஈழத்துக் கவிஞர் அம்பி அவருடைய வாழ்க்கையைத் தேடி எழுதியதால் பிற்காலத் தமிழர்களுக்கும் அவர் தெரியவந்தார்.

மறைந்த சொற்களும் மறையாத வழியும்

கதை இங்கே முடிந்தால் இனிப்பாக இருக்கும். ஆனால் எச்.ஏ. தாத்தா மீதியையும் சொன்னார்.

கொழும்பில் 1870இல் ஆங்கிலத்தில் கற்பிக்கும் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அரசாங்க அங்கீகாரமும் வேலையும் அந்தப் பக்கம் இருந்தன. கிறீனுக்குப் பிறகு தமிழில் மருத்துவம் கற்பிக்கும் முயற்சி நீடிக்கவில்லை. அவர் நூல்களில் வந்த சொற்களில் பலவும் இன்று புழக்கத்தில் இல்லை. அங்காதிபாதம் போய் உடற்கூறியல் வந்துவிட்டது. உடல் இயக்கத்தைக் குறித்த சுகரணம் போய் உடலியங்கியல் வந்துவிட்டது. கெமிஸ்தத்தை இன்று யார் சொல்கிறார்கள்?

ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலாயாவுக்கும் வந்தார்கள். ரயில்வே, கருவூலம், நில அளவை, மருத்துவமனை என்று வேலை பார்த்தார்கள். தாத்தாவின் தாத்தா வந்ததும் அப்படித்தான். தோட்டத்து மருத்துவமனைகளில் நம் முன்னோர் டிரெஸ்ஸர் ஐயா என்று கூப்பிட்டவர்கள் இருந்தார்களே, அவர்கள் செய்த வேலையில் பாதி மொழிபெயர்ப்பு என்று எச்.ஏ. தாத்தா சொன்னார். வெள்ளைக்கார டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேசி, பால்மரத் தொழிலாளியிடம் தமிழில் பேசி, இரண்டு பக்கமும் பொருள் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவரும் தம் காலத்தில் அதைத்தான் செய்தாராம். இனி அது உன் வேலை என்றார்.

அப்போதுதான் எனக்குக் கிறீன் செய்த வேலையின் அளவு புரிந்தது. சொற்கள் மாறிவிட்டன. நோயாளியின் சொல்லையும் மருத்துவத்தின் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றனவா என்று பார்க்கும் அந்த வழி மாறவில்லை. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்த ஒருவர் அதற்காகத் தமிழ் படித்தார். தமிழ் பேசி வளர்ந்த நான் ஒரு சொல்லைக் கேட்டு, இன்னொரு கேள்வி கேட்காமல் ஓடினேன்.

என் குறிப்பேடு

மறுநாள் சட்டைப் பையில் அடங்கும் சின்னக் குறிப்பேடு ஒன்று வாங்கினேன். அதில் நோயாளிகளின் பெயர் எதுவும் இருக்காது. அவர்கள் சொல்லும் சொற்கள் மட்டும் இருக்கும். இடப்பக்கம் அவர்கள் சொன்னபடி. வலப்பக்கம் அதன் பொருளும், நாங்கள் பதிவேட்டில் எழுத வேண்டிய சொல்லும். இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

நெஞ்சு என்று ஒருவர் தொடங்கினால் முழு வாக்கியத்தையும் கேளுங்கள். நெஞ்சு அடைக்குது, நெஞ்சு எரியுது, நெஞ்சு குத்துது ஆகிய மூன்றும் ஒன்றல்ல. எரிவது புளித்த ஏப்பத்தோடு சேர்ந்த வயிற்றுக் கோளாறாகவும் இருக்கலாம், இதயக் கோளாறாகவும் இருக்கலாம். மூன்றில் எதுவாக இருந்தாலும் முடிவு செய்வது நம் வேலை இல்லை. அவர் சொன்ன சொல்லையே உடனே தாதியிடம் சேர்க்க வேண்டும்.

இளைக்குது என்றால் மூச்சு வாங்குகிறது. இளைச்சுப் போச்சு என்றால் உடல் மெலிந்துவிட்டது. ஒரே வேர்ச்சொல், இரண்டு வேறு பிரச்சினைகள். முதலாவதற்குக் காத்திருக்கக் கூடாது.

மயக்கம் என்ற சொல் இன்னும் சிக்கலானது. மயக்கமா இருக்கு என்று சொல்பவருக்குத் தலை சுற்றலாம், குமட்டலாம், வெறும் அசதியாகவும் இருக்கலாம். மயக்கம் போட்டுட்டார் என்றால் நினைவிழந்துவிட்டார். சுற்றுவது தலையா, புரட்டுவது வயிறா, கண் இருட்டுகிறதா என்று கேட்டுவிட வேண்டும்.

மரத்துப் போச்சு என்றால் உணர்ச்சி இல்லை. இனிப்புநீர் உள்ளவர் கால் மரத்துவிட்டது என்றால் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். அவருக்கே தெரியாமல் புண் இருக்கலாம். கை ஒன்று திடீரென மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதத்தின் அறிகுறி. அப்போது ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

நீர் கடுக்குது என்றால் சிறுநீர் போகும்போது எரிச்சல். வயித்தால போகுது என்றால் பேதி. நம் தாத்தா பாட்டிகள் இவற்றை நேரடியாகச் சொல்லக் கூச்சப்படுவார்கள். அதிலும் பேரன் பேத்தி வயதில் ஒருவர் நின்றால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். திரையை இழுத்துவிட்டு, பக்கத்தில் குனிந்து, மெதுவாகக் கேட்டால் சொல்வார்கள்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக நான் வைத்துக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. நோயாளி சொன்ன சொல் புரிந்தது போல் இருந்தாலும், எப்படி இருக்கிறது, எங்கே, எப்போதிருந்து என்று கேட்டுவிட்டு, நான் புரிந்துகொண்டதை அவரிடமே ஒருமுறை திருப்பிச் சொல்வேன். சரிதான் என்று அவர் தலையசைத்த பிறகுதான் அடுத்தவரிடம் போவேன்.

அந்தப் பாட்டி வீடு திரும்பும் நாளில் நான் வேலையில் இருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அன்று நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை பாட்டி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, இப்பப் புரியுதில்ல, அது போதும் தாயி என்றார்.

என் குறிப்பேட்டின் முதல் வரியில் கண்ணைக் கட்டுது என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது குறிப்பேடு இப்போது பாதி நிறைந்துவிட்டது.